விரிப்பு மாற்றும் நேரம்

என் அக்காவுக்கு வீம்பு அதிகம். கால் முறிந்திருந்தாலும் சுளுக்கு என்றுதான் சொல்வாள். மகள் பிறந்ததிலிருந்து அவளைக் கட்டிக் கொடுத்தது வரை குடியிருந்த வாடகை வீட்டைக் காலி செய்யச் சொன்னபோதும், அதை அவள் தன் வாயால் ஒருவரிடமும் சொல்லவில்லை.

வீட்டுக்காரரை மட்டும் திட்டி என்ன பயன்? ஆனாலும் நான் திட்டுவேன். எங்கள் ஊரில் ஏரியைப் பார்த்த மாதிரி நாலு சுவர் இருந்தால் போதும். நகரத்துக்காரர்கள் சனி ஞாயிறு வந்து தங்கி, எங்கள் மாத வாடகையை இரண்டு ராத்திரிக்குக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அப்புறம் எங்களுக்கு யார் வீடு விடுவார்கள்? மர டிப்போவில் காவல் பார்க்கும் அத்தானின் சம்பளத்துக்கு மாட்டுக் கொட்டகைகூடக் கிடைக்கவில்லை. நான் வண்டி ஓட்டும் சலவைக்கடையில், அழுக்கு மூட்டை போடும் அறையின் ஒரு மூலையை முதலாளி ஒழித்துக் கொடுத்தார். சோப்பு நெடி கண்ணைக் கரிக்கும். அங்கேதான் அக்காவும் அத்தானும் படுத்தார்கள்.

கூத்து என்னவென்றால், அதே வீட்டைத் துப்புரவு செய்ய வீட்டுக்காரர் அக்காவையே வைத்துக்கொண்டார். எந்தக் குழாயைத் திருகினால் எது ஒழுகும் என்று அவளுக்குத்தானே தெரியும்! ஒரு கூட்டம் காலையில் காலி செய்யும், அடுத்தது மத்தியானம் வரும். அந்த இடைவெளியில் நான் வெளுத்த விரிப்புகளை இறக்குவேன். அவள் மெத்தைகளுக்கு விரிப்பு மாற்றி, தரை துடைத்து, குளியலறையைத் தேய்ப்பாள். அவசர அவசரமாக முடித்து, முகம் கழுவி, தலை சீவி, அடுப்படியில் நின்றுகொண்டு மகளுக்கு வீடியோ கால் போடுவாள்.

மகள் நகரத்தில் புருஷன் வீட்டில் இருக்கிறாள். முதல் பிள்ளை, ஏழு மாதம். பிரசவத்துக்கு உன்கிட்டதாம்மா வருவேன் என்று ஒரே பிடிவாதம். அக்காவும் சரி சரி என்று தலையாட்டி, புது டைல்ஸையும் வெள்ளைத் திரையையும் போனைத் திருப்பித் திருப்பிக் காட்டுவாள். எல்லாம் வீட்டுக்காரர் போட்டுக் கொடுத்தாராம், தங்கமான மனுஷராம். "உன் ரூம் அப்படியே இருக்கு, நீ வந்து படுக்க வேண்டியதுதான்" என்பாள். மூட்டையோடு கதவோரம் நிற்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போனை வைத்ததும் கத்துவேன். புளுகுவதற்கும் ஓர் அளவு வேண்டாமா, பச்சைப் பிள்ளையோடு அவளை எங்கே படுக்க வைப்பாய், சோப்புத் தூளிலா? அதற்குள் ஒரு வீடு பார்த்துவிடுவேன் என்பாள். அது பொய்யில்லை. வேலை முடிந்தால் வீடு கேட்டு ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்கிக்கொண்டுதான் இருந்தாள், பாவம். மகளிடம் உண்மையைச் சொல் என்றால் மட்டும் மூஞ்சியைத் திருப்பிக்கொள்வாள்.

"அது போன இடத்துல கௌரவமா இருக்குடா. அம்மாவுக்கு ஒண்ட இடமில்லன்னு அங்க தலை குனிஞ்சு நிக்கணுமா?"



ஒரு ஞாயிற்றுக்கிழமை, தங்கியிருந்தவர்கள் இன்னொரு நாளும் இருக்கப் போவதால் விரிப்பு மாற்றித் தரை துடைத்தால் போதும் என்று சொல்லியிருந்தார்கள். வண்டி நின்றதும் அக்கா வாளியும் துடைப்பமுமாக இறங்கினாள். வாசலில் பெட்டியோடு அவள் மகள் நின்றிருந்தாள். அம்மாவைத் திகைக்க வைக்கலாமென்று சொல்லாமல் பஸ் ஏறி வந்திருக்கிறாள். கதவைத் திறந்த அம்மாள் ஒருவர், இது நாங்கள் எடுத்திருக்கும் வீடாச்சே, உனக்கு யார் வேணும் என்று அவளைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மகள் வாளியைப் பார்த்தாள், அம்மாவின் இடுப்பில் செருகியிருந்த ஈரத் துணியைப் பார்த்தாள். எங்கள் வீடாச்சே என்று அவள் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள்.

"என்கூட வேலைக்கு வர்ற பொண்ணுங்கம்மா. எனக்கு முன்னாடியே வந்துடுச்சு."

பெற்ற மகளை! நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது எனக்கு. மகளின் முகம் சிவந்து, அப்புறம் வெளுத்தது. ஆனால் அவள் அம்மாவைக் காட்டிக் கொடுக்கவில்லை. பெட்டியை என் வண்டிக்குள் வைத்தாள். என் தோளிலிருந்து ஒரு கட்டு விரிப்பை உருவி எடுத்துக்கொண்டாள்.

"எந்த ரூம்க்கா முதல்ல?" என்று பெற்றவளைக் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் உள்ளே போனாள்.

அந்த அம்மாளுக்குப் பொறுக்கவில்லை. நல்ல மனுஷிதான், குறை சொல்ல மாட்டேன். அக்காவிடம் சீறினார்.

"வயித்துல பிள்ளையோட இருக்கிறவள வேலைக்குக் கூட்டிட்டு வர்றியே, உனக்கு வெக்கமா இல்ல?"

"இருக்குங்கம்மா" என்றாள் அக்கா.

மகளுக்கும் அது கேட்டிருக்க வேண்டும். உள்ளே விரிப்பு உதறும் சத்தம் நின்றுபோனது.