டெஸ்டரை நம்பாத மெக்கானிக்

பாகூரில் எங்கள் வீட்டுக்கு ஃபேன் பழுது பார்க்க வருபவர் ஒல்லியாக இருப்பார். அவருடைய சட்டைப் பையில் டெஸ்டர் செருகியிருக்கும். ஆனால் அதை எடுக்கவே மாட்டார். அன்று ஷாக் அடித்த டேபிள் ஃபேனைப் புறங்கை விரலால் தட்டிவிட்டு, "ஸ்... அடிக்குதுக்கா" என்று சிரித்தார்.

"டெஸ்டர் எதுக்குப்பா வெச்சிருக்க?"

"அத்த நம்பக்கூடாதுக்கா. உள்ள பல்பு போச்சுன்னா கரண்ட் இல்லன்னு காட்டும். வெரலு பொய் சொல்லாது."

மறுநாள் என் ஆறு வயது மகள் பிளக் பாயிண்ட் முன்னால் குந்தியிருந்தாள். அவளுடைய ஈர விரல் துளையைத் தொடப்போனது.

"இன்னாடி பண்றே!" என்று அவளை இழுத்ததில் இருவரும் விழுந்தோம்.

"கரண்ட் இருக்கான்னு பாத்தேம்மா. வெரலு பொய் சொல்லாது."

ஃபேன் மறுபடி பழுதானபோது வந்த மெக்கானிக்கிடம் இதைச் சொன்னேன். அவர் முகம் வெளுத்தது. டெஸ்டரை எடுத்து பிளக் பாயிண்டில் வைத்து, "இப்பிடித்தான் பாக்கணும் பாப்பா, வெரல வெக்கக் கூடாது" என்று அவளுக்குக் காட்டினார். டெஸ்டருக்குள் பல்பு எரிந்தது. அவள் விளையாட ஓடினாள்.

உடனே அவர் வாசலை ஒருமுறை பார்த்துவிட்டு, ஃபேனை விரலால் தட்டினார்.

அவருக்கும் பிள்ளைகள் உண்டா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.