இடப்பக்கக் கையெழுத்து

செல்லம்மாவின் மகள் ஷாமினி டெங்கிக் காய்ச்சலில் இறந்தபோது வயது பதினேழு. மலேசியாவில் மந்தின் என்ற ஊரை ஒட்டிய தோட்டத்தில், செம்பனை வரிசை முடியும் மேட்டிலிருந்த இடுகாட்டில் புதைத்தார்கள். அன்று மண் போடக் குனிந்த குணாளனைச் செல்லம்மாவின் அண்ணன் கணேசமூர்த்தி நெஞ்சில் கைவைத்துத் தள்ளினார். குணாளன் வேற்றாள் அல்ல. செல்லம்மாவின் இறந்துபோன கணவனுக்குத் தம்பி, பிள்ளைக்குச் சொந்தச் சித்தப்பா. கையிலிருந்த மண்ணை உதறிவிட்டு நடந்தான். செல்லம்மா வாய் திறக்கவில்லை.

இருவரின் பகை அதற்கும் முன்பே கட்சிக் கிளைத் தேர்தலில் தொடங்கியது. தலைவர் பதவிக்கு இருவரும் நின்றார்கள். தோற்ற கணேசமூர்த்தி வேறு கட்சிக்குப் போனார். பிறகு ஒரே மாரியம்மனுக்கு இரண்டு கோவில், இரண்டு திருவிழா. தீபாவளி முறுக்குத் தட்டுகூட ஆள் பார்த்துத்தான் வீடு மாறியது. இந்தக் கூத்தைப் பார்த்த கிறிஸ்துவக் குடும்பங்கள், நமக்கேன் வம்பு என்று இடுகாட்டில் தங்கள் பகுதியைத் தகரம் அடித்து மறைத்துக்கொண்டன.

தோட்டம் விலைபோனது. தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களை இடித்தார்கள். செல்லம்மா ராசா என்ற ஊரில் ஓர் அடுக்குமாடி வீட்டுக்கு வந்து, கிளினிக் ஒன்றில் துப்புரவு வேலை பார்த்தாள். இடுகாட்டையும் எடுத்து வீடு கட்டப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் லீவு போட்டுவிட்டு நில அலுவலகத்துக்கு ஓடினாள். அங்கிருந்த மலாய்க்காரப் பெண் பொறுமையாகச் சொன்னாள்: இடுகாட்டை விட்டுவைக்கச் சொல்லி ஏற்கெனவே மூன்று கூட்டம் மூன்று கடிதம் கொடுத்திருக்கிறது, ஒன்றை ஒன்று குற்றம் சொல்லி. எல்லாரும் சேர்ந்து ஒரே கடிதம் கொடுத்தால் மேலே அனுப்பலாம். வெள்ளிக்கிழமை வரைதான் நேரம்.

கிறிஸ்துவர்கள் தரப்பில் யாகப்பன் முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டார். அவர் மகள் எலெய்ன்தான் கடிதத்தை டைப் செய்து கொடுத்தாள்.

"உங்களுக்காகப் போடுறேன் லா, அண்ணி. ஆனா எம்பேருக்குக் கீழ தலைவர்னு இருக்கணும்" என்றான் குணாளன்.

"அப்ப நான் யாரு?" என்றார் கணேசமூர்த்தி.

இருவரையும் தலைவர் என்று போட்டு, ஒரே வரியில் பக்கத்தில் பக்கத்தில் பெயரை டைப் அடித்து வாங்கிச் செல்லம்மா கொண்டுபோனாள். அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"அவன் பேரு இடது பக்கம் இருக்கு. படிக்கிறவன் மொதல்ல எதப் படிப்பான்?"

மாற்றி அடித்து வாங்கிக்கொண்டு மறுபடி குணாளனிடம் போனாள். அவன் தாளைத் தொடவே இல்லை.

"பிள்ளையோட குழியிலேருந்து என்னைத் தள்ளுனாங்க. நீங்க பாத்துக்கிட்டு நின்னீங்க. இப்பப் பேப்பர்லயும் தள்ளி நிக்கச் சொல்றீங்களா?"

"தப்புதான் தம்பி. அன்னைக்கே பேசியிருக்கணும்."

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை காலையில் யாகப்பன் தேடி வந்தார். "அவங்களே சேரல, நாம எதுக்கு நடுவுல மாட்டிக்கணும்னு எங்காளுங்க கேக்குறாங்கம்மா" என்றார். தன் கையெழுத்தைத் தானே அடித்துவிட்டுத் தலைகுனிந்தபடி போனார்.

அதற்கு மறுமாதம் எலும்புகளை எடுத்துப்போகச் சொல்லி நோட்டீஸ் வந்தது. வங்காளதேசத்துத் தொழிலாளர்கள் இருவர் ஷாமினியின் குழியைத் தோண்டினார்கள். தலைமாட்டில் கணேசமூர்த்தி ஒரு பண்டாரத்தோடு நின்றார். கால்மாட்டில் குணாளன் வேறொரு பண்டாரத்தோடு நின்றான். யார் சடங்கு செய்வது என்று பேச்சு எழுந்தது. குரல்கள் தடித்தன. தோண்டியவர்கள் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு விழித்தார்கள்.

"ஒருத்தரும் வேணாம். போங்க!" என்று கத்திக்கொண்டே செல்லம்மா குழிக்குள் இறங்கினாள். பாதி எலும்புதான் கிடைத்தது. மடியில் வாங்கிப் புதுப்பானையில் போட்டாள். பஸ் பிடித்து போர்ட்டிக்சன் போய், தனியாகவே கடலில் கரைத்தாள்.

அதன்பின் இரண்டு கோவில் பத்திரிகையும் கதவிடுக்கில் வந்து விழுந்தன. எதற்கும் அவள் போகவில்லை. பஸ்ஸில் எலெய்ன், "ஆன்ட்டி!" என்று கூப்பிட்டபோது சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஒருநாள் பாசார் சந்தையில் குணாளன் மீன் பையோடு எதிரே வந்து, "அண்ணி" என்றான். தலை நரைத்து, ஆள் பாதியாகியிருந்தான். நின்று ஒரு வார்த்தை கேட்க அவளுக்கும் ஆசைதான். ஆனால் கால் நிற்கவில்லை. அவனைத் தாண்டிப் போன பிறகுதான், கணேசமூர்த்தியைப் போலத் தனக்கும் ஆளைத் தள்ளுவது பழகிவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது.