தரைத்தள வீடு

நான் சமரசராக இருந்த வழக்கொன்றில்தான் அந்த அம்மாவைச் சந்தித்தேன். நெட்டுக்குப்பத்தில் மீன் விற்பவர். அவர் குடிசையை இடித்த அரசு, எர்ணாவூரில் நான்காவது மாடியில் வீடு ஒதுக்கியிருந்தது. கணவர் பக்கவாதத்தில் படுத்த படுக்கை. தரைத்தளத்தில் ஒரு வீடு வேண்டும் என்பதுதான் அவர் வழக்கு.

நல்ல உயரம், வெயிலில் கறுத்த முகம், கரகரத்த குரல். எதிரே உட்காரும் அரசுத் தரப்பு அதிகாரியிடம், "சாப்ட்டியா நைனா?" என்று விசாரிக்காமல் ஒருநாளும் பேச்சைத் தொடங்கியதில்லை. அதிகாரியும் அவருக்காக மேலிடத்தோடு மல்லாடிக்கொண்டிருந்தார்.

கடைசி அமர்வில் அதிகாரி முகம் மலர வந்தார். "கீழ் வீடு கிடைச்சிடுச்சும்மா!"

அந்த அம்மா நிமிரவில்லை.

"எங்க வூட்டுக்காரரு போன வாரம் பூட்டாரு நைனா. கீழ் வூடு எனக்கு இன்னாத்துக்கு? படியேற முடியாதவங்க யாருனா இருப்பாங்க, அவங்களுக்குக் குடு." பிறகு என்னிடம் திரும்பினார். "இந்தப் பேச்ச முடிச்சுடு சார்."

'சமரசம் முடிவுக்கு வந்தது' என்று மட்டும் நீதிமன்றத்துக்கு எழுதினேன். காரணத்தை எழுத விதியில் இடமில்லை.

அவர் போன பிறகும் அதிகாரி எழுந்திருக்கவில்லை.

"ஒரு மாசம் முன்னாடியே குடுத்திருக்கலாம் சார்," என்றார்.