இரட்டைக் கைப்பிடி

டப்பா மூடி அடிக்கும் பட்டறையில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, ஸ்பேனர்தான். மற்றவர்களுக்குப் பேனா இருக்கும் சட்டைப் பையில் அவருக்கு ஒரு ஸ்பேனர் எட்டிப் பார்க்கும். கல்யாணத்தன்றும் அது இருந்ததாக அவர் மனைவி எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள்.

அவளும் அதே பட்டறையில்தான் இருந்தாள், மூன்றாம் பிரஸ் மிஷினில். இடது கையால் தகட்டைத் தள்ளிக் காலால் பெடலை மிதித்தால், மேலிருந்து அச்சு இறங்கி மூடியை வெட்டும். வலது கை அதை எடுக்க வேண்டும். ஒரு நாளைக்கு நாலாயிரம் தடவை. ஒருநாள் மதியம், கை வெளியே வருவதற்குள் கால் முந்திக்கொண்டது.

அவர் எதிர்ப் பக்கம் இன்னொரு மிஷினுக்கு பெல்ட் மாட்டிக்கொண்டிருந்தார். அவள் கத்தவே இல்லை. மிஷின் நின்ற சத்தம்தான் அவரைத் திரும்ப வைத்தது. அச்சைக் கழற்றி அவள் கையை விடுவித்தவரும் அவர்தான். நான்கு விரல்கள் போயிருந்தன.

“கொஞ்சம் கவனமா இருந்திருக்கலாம்” என்றார் முதலாளி, ஆஸ்பத்திரி வாசலில்.

நாலாயிரம் தடவையும் கவனமாக இருக்க மனுஷனால் முடியுமா? அந்த யோசனை அவரைத் தூங்கவிடவில்லை. மிஷினைத் திட்டிப் பயனில்லை, பெடலைத்தான் பிடுங்க வேண்டும் என்று தோன்றியது. சமையலறைக்குப் பின்னால் இருந்த இடத்தில் பழைய இரும்பைக் குவித்துக்கொண்டு மூன்று வருஷம் மல்லுக்கட்டினார். கடைசியில் வந்தது இதுதான்: பெடலுக்குப் பதிலாக இரண்டு கைப்பிடிகள், நடுவில் ஒரு குறுக்குக் கட்டை. இரண்டையும் சேர்ந்தாற்போல் அமுக்கினால்தான் அச்சு இறங்கும். இரண்டு கையும் அங்கே இருக்கும்போது அச்சுக்கடியில் எந்தக் கை இருக்கும்?

அவளே சோதித்தாள்.

“என்னங்க, ஒண்ணைக் கையால, இன்னொண்ணை முழங்கையால அமுக்கினா இறங்குதே!”

“எந்தக் கிறுக்கு அப்படி அமுக்கும்?”

“அவசரத்துல எல்லாரும் கிறுக்குதான். தள்ளி வைங்க.”

முழங்கை எட்டாத தூரத்துக்குத் தள்ளி வைத்தார். பட்டறையின் ஐந்து மிஷின்களிலும் மாட்டினார்கள். அதற்கப்புறம் அங்கே யாருக்கும் ஒரு நகம்கூட நசுங்கவில்லை. பெண்கள் அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

“என் விரல் போனதாலதான் இது வந்துச்சு” என்று அவள் தெருவில் எல்லோரிடமும் சொன்னாள். அதைச் சொல்லும்போது மட்டும் வலது கையை முந்தானைக்குள் மறைக்க மாட்டாள்.

காப்புரிமைக்கு விண்ணப்பம் எழுதியதும் அவள்தான். அவர் கையெழுத்து அவருக்கே புரியாது. இடது கையால் எழுதப் பழகி, பத்து நாள் உட்கார்ந்து எழுதினாள்.

ஏழு மாதம் கழித்து, நேரில் வரச் சொல்லிக் கடிதம் வந்தது. அவர் தனியாகப் போனார். காப்புரிமை அலுவலகத்தில் ஒரு பெண் அதிகாரி அவரை உட்கார வைத்தாள்.

“ஐயா, உங்க வேலைல ஒரு குறையும் இல்ல. ஆனா இது ஏற்கெனவே இருக்கு.”

அவள் நீட்டிய பழைய தாளில் ஒரு படம் இருந்தது. ஏதோ ஒரு தூர தேசம். அறுபது வருஷத்துக்கு முந்தைய தேதி. இரண்டு கைப்பிடிகள், நடுவில் குறுக்குக் கட்டை. முழங்கை எட்டாத தூரம்கூட அப்படியே இருந்தது.

“இது எப்ப இருந்தும்மா இங்க இருக்கு?”

“நான் வேலைக்கு வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே. யார் வேணும்னாலும் வந்து பாக்கலாம் ஐயா.”

“எங்க பட்டறை இங்கிருந்து ஆறாவது பஸ் ஸ்டாப்பும்மா” என்றார். வேறொருவர் முந்திக்கொண்டார் என்ற வருத்தம் அவருக்குத் துளியும் இல்லை. அந்தத் தாளின் மேல் கையை வைத்துக்கொண்டு விசும்பி விசும்பி அழுதார். அதிகாரி தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள்.

வீட்டில், “இன்னும் ரெண்டு மாசம் ஆகுமாம்” என்று பொய் சொன்னார். எட்டு நாள் அந்தப் பொய் தாங்கியது. ஒன்பதாம் நாள் காலை அவள், “நானும் வர்றேன், நானே கேக்கறேன்” என்று செருப்பை மாட்டினாள். அவர் உண்மையைச் சொல்லியே ஆக வேண்டியிருந்தது.

அவள் செருப்போடு அப்படியே படியில் உட்கார்ந்தாள்.

“நான் பொறக்கறதுக்கு முன்னாடியேவா?”

“ஆமா.”

“அப்போ என் விரல் சும்மாதான் போச்சா?”

அவள் வலது கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

அதன்பின் அவர் விடுமுறை நாளெல்லாம் கைப்பிடியின் படத்தைச் சுருட்டிக்கொண்டு மற்ற பட்டறைகளுக்கு அலைந்தார். “ஸ்பேனர் வந்துட்டார், கதவைச் சாத்து” என்று கேலி செய்தவர்களும் உண்டு. காலத்துக்கும் அலைந்ததில் பதினோரு பட்டறைகளில் மாட்டினார்கள். தகரப் பொம்மை செய்யும் ஓரிடத்தில் முதலாளி அசையவில்லை என்று அவர் ஒருநாள் புலம்ப, மறுநாள் அவள் தானாகக் கூட வந்தாள். அந்த மனுஷர் மேஜையின் மேல் வலது கையை வைத்தாள். அடுத்த வாரமே கைப்பிடி மாட்ட அவரைக் கூப்பிட்டார்கள்.

வேலை முடித்து வந்து, “எட்டு மிஷின்லயும் மாட்டியாச்சு. எல்லாம் சின்னச் சின்னப் பொண்ணுங்க” என்றார் அவர்.

“நல்லா இருக்கட்டும்” என்றாள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, வெகுநேரம் அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார்.