பச்சை முக்கோணம் இருந்த இடம்

பிரிண்டர் பழுதுபார்க்கும் கடையில் அவனுக்கு எஞ்சினியர் சார் என்று பெயர். மரியாதைக்கு அல்ல, கேலிக்கு. படித்தது என்னவோ அந்தப் படிப்புதான். நாள் முழுக்கக் கட்டிக்கொண்டு அழுதது மை கக்கும் உருளைகளோடும் சிக்கிய தாள்களோடும். வீட்டுக்கு வந்து கையைத் தேய்த்துக் கழுவிவிட்டு உட்கார்ந்தால் சம்பளமில்லாத இன்னொரு வேலை காத்திருக்கும். சின்ன வயதில் டிவியில் மாட்டி ஆடிய வீடியோ கேம் பெட்டி இன்று எந்தக் கடையிலும் கிடையாது. அதைக் கம்ப்யூட்டருக்குள்ளேயே உயிரோடு எழுப்பிக் காட்டும் எமுலேட்டர் ஒன்றை எழுதி, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்று இணையத்தில் இலவசமாகப் போட்டிருந்தான்.

எடுத்துக்கொண்டவர்கள் சும்மா இருக்கவில்லை. "இது எமுலேட்டரா, விமானம் ஓட்டுற அறையா?" என்றான் ஒருவன். "எங்க அம்மா சமையலறையில கூட இத்தனை டப்பா இல்லய்யா" என்றான் இன்னொருவன். "கேசட்டைப் போட்டா ஓடணும். வேற என்ன கேட்டோம் உங்ககிட்ட?" என்றாள் ஒருத்தி.

கடைக்காரர் அதையெல்லாம் அவன் தோளுக்குப் பின்னாலிருந்து படித்துவிட்டுச் சிரிப்பார். "ஓசியில குடுத்துட்டு இவ்வளவு திட்டு வாங்குறியேப்பா. நான் காசு வாங்கிக்கிட்டே இதுல பாதிகூட வாங்கினதில்ல."

அவனும் சிரித்துவைப்பான். உள்ளுக்குள் ஒவ்வொரு சொல்லும் முள்ளாகக் குத்தும். முகம் தெரியாதவர்களின் வாயால் ஒரு நல்ல வார்த்தை கேட்க வேண்டும் என்று கிடந்து தவித்தான்.

குறையே சொல்லாத ஒருத்தி வீட்டிலேயே இருந்தாள். அவனுடைய அக்கா.

ஒருகாலத்தில் அவள் வாயைத் திறந்தால் தெருவே சிரிக்கும். அந்த கேம் பெட்டி வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அதன் ராணி அவள்தான். படகு ஓட்டும் விளையாட்டு அவளுக்கு உயிர். "நானும், நானும்" என்று தம்பி அழுதபோது இரண்டாவது ஜாய்ஸ்டிக்கை அவன் கையில் திணித்து, "ஓட்டுடா" என்றாள். அவனும் உடம்பை வளைத்து வளைத்து ஓட்டினான். ஒருநாள் சாப்பிடக் கூப்பிட்டார்களென்று அதைப் பிடித்தபடியே எழுந்தபோது, பாய்க்கு அடியிலிருந்து ஒயரின் நுனி வெறுமனே வெளியே வந்தது. பெட்டியில் அதை மாட்டவே இல்லை. "இத்தனை நாளா நான் ஓட்டவே இல்லையா?" என்று அவன் விக்கியதை, பெரியவனான பிறகும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் நடித்துக் காட்டுவாள். "அவனுக்கென்ன, ஒயரே இல்லாம ஓட்டுவான்!"

அவளுக்குப் பக்கவாதம் வந்து வலது கையையும் பேச்சையும் வாரிக்கொண்டு போனது. மிஞ்சியவை சில சொற்கள்: தம்பி, வேணாம், போச்சு. குளிக்க, உடுத்த, தலை வார, எல்லாவற்றுக்கும் இன்னொருவர் கை வேண்டும். ஒன்றே ஒன்றுக்கு வேண்டாம். காலையில் கம்ப்யூட்டரைப் போட்டால் எமுலேட்டர் தானே திறந்துகொள்ளும்படி அவன் வைத்திருந்தான். அவள் இடது கையால் மௌஸை நகர்த்தி, திரையின் மேல் மூலையில் இருக்கும் பச்சை முக்கோணத்தை அமுக்குவாள். படகு விளையாட்டின் பாட்டு கிளம்பும். குளியலறையில் முகம் மழித்துக்கொண்டிருப்பவனுக்கு அது கேட்க வேண்டும். கேட்டால்தான் அவனுக்குப் பொழுது விடியும். எட்டிப் பார்த்தால், 'எப்படி?' என்பதுபோல் முகவாயை நிமிர்த்துவாள்.

"கைக்குப் பழகினது கையில நிக்கும்" என்று சொல்லியிருந்தாள் அக்காவின் கைக்குப் பயிற்சி கொடுக்க வரும் பெண். "புதுசா எதையும் திணிக்காதீங்கண்ணா. இருக்கறதைக் கெட்டியா பிடிச்சுக்குவோம்."

தலையாட்டியவன்தான் எமுலேட்டரின் முகத்தையே மாற்றி எழுதினான். பொத்தான்களையெல்லாம் மறைத்தான். விளையாட்டுகளின் அட்டைப்படங்களை அலமாரிபோல அடுக்கினான். காலியான மேல் மூலையில் வெளியேறும் பொத்தானை வைத்தான். 'நிச்சயமாக வெளியேற வேண்டுமா?' என்ற கேள்வியை எல்லோரும் தொணதொணப்பு என்று திட்டியதால் அதையும் எடுத்தான்.

பாராட்டு கொட்டியது. "இப்பதான் மனுஷன் கை பட்ட மாதிரி இருக்கு." "தலைவா, கண்ணுல ஒத்திக்கலாம்." கடைக்காரர்கூட, "என்னப்பா, மூஞ்சில லைட் எரியுது?" என்றார்.

புதிய பதிப்பு எல்லார் வீட்டிலும் தானாகவே போய் உட்கார்ந்துகொள்ளும். எல்லார் வீட்டிலும் என்றால் அவன் வீட்டிலும்தான். அது மட்டும் அவன் புத்தியில் உறைக்கவில்லை.

மறுநாள் பாதி முகம் நுரையோடு நின்றான். பாட்டு வரவில்லை.

ஓடிப்போய்ப் பார்த்தான். அக்கா வெறும் திரையின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். அவன் திறந்து கொடுத்தான். அவள் நேரே மேல் மூலைக்குப் போய் அமுக்கினாள். மூடிக்கொண்டது. மறுபடி திறந்தான், மறுபடி அதே மூலை. அவள் இடது கையைத் தூக்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

"போச்சு" என்றாள். கையைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"இல்லக்கா! கை நல்லாத்தான் இருக்கு. நான்தான் இடத்தை மாத்தித் தொலைச்சேன்." அவளுக்குப் புரிந்ததோ இல்லையோ. கடைக்குப் போகாமல் அன்றே பழைய பதிப்பைக் கொண்டுவந்தான். பச்சை முக்கோணம் பழைய இடத்திலேயே நின்றது. அவள் பக்கத்தில் வரை போனாள், நின்றாள், கையைச் சால்வைக்குள் இழுத்துக்கொண்டாள். "வேணாம்." மறுநாளும் வேணாம். அடுத்த வாரமும் வேணாம்.

அப்போதுதான் அவளுக்கென்றே தனிப் பதிப்பு ஒன்று செய்தான். பச்சை முக்கோணம் அப்படியே இருக்கும், ஆனால் திரையில் எங்கே அமுக்கினாலும் படகு கிளம்பும். தப்பே நேராது. அதைப் போட்டுவிட்டு, "ஒரே ஒரு தடவைக்கா, எனக்காக" என்று கெஞ்சினான்.

நெடுநேரம் தயங்கி, முக்கோணத்தை அமுக்கினாள். பாட்டு எழும்பியது. முகவாய் நிமிர்ந்தது. அவனுக்குக் கண்ணீர் முட்டியது. "பாத்தியா? உன் கைதான்!" என்றான்.

உற்சாகத்தில் 'மறுபடி' என்று சைகை காட்டினாள்; அவன் மூடித் திறந்து கொடுத்தான். இந்தத் தடவை கை தவறி, மௌஸின் அம்பு முக்கோணத்தை விட்டு எங்கோ கீழே வழுக்கிப்போய் அமுங்கியது. பாட்டு வந்தது. அவள் நெற்றி சுருங்கியது. மறுபடி மறுபடி அவனைத் திறக்க வைத்தாள். வேண்டுமென்றே அடி மூலையில் அமுக்கினாள். பாட்டு. நட்ட நடுவில், ஒன்றுமே இல்லாத இடத்தில். பாட்டு.

மௌஸிலிருந்து மெல்லக் கையை எடுத்தாள். அதன் ஒயரை விரலால் தொட்டுக்கொண்டே போய், அது கம்ப்யூட்டரில் மாட்டியிருக்கும் இடம் வரை தடவிப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"ஒயர்" என்றாள். நோய் வந்ததற்குப் பிறகு அவள் சொல்லாத சொல். "தம்பி... ஒயர் இல்ல."

படகுப் பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. அவள் மௌஸை எடுத்து அவன் மடியில் வைத்தாள்.