ஒரே வகுப்பில் எங்கள் இரண்டு டாக்டர்கள்

என் மனைவி ஜமீலாவுக்கு மூக்கில் சதை வளர்ந்திருக்கிறது. நெஞ்சில் இளைப்பும் உண்டு. ஒரு வருடமாகக் குழம்பு தீய்ந்தாலும் வாசனை தெரிவதில்லை.

கம்பத்திலிருந்து பஸ் ஏறித் தேனி ஆஸ்பத்திரிக்கு வந்தால், மூக்கு டாக்டர், "இளைப்பு அடங்குனாத்தான் ஆபரேஷன்" என்கிறார். மாடியில் நுரையீரல் டாக்டர், "மூக்கைச் சரிபண்ணாம இளைப்பு அடங்காது" என்கிறார். மூன்று மாதமாக ஏறி இறங்குகிறோம்.

இன்று பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னால ஏற முடியலங்க. வீட்டுக்கே..."

அதற்கு மேல் பேச மூச்சு இல்லை.

நான் கத்தியதில் டூட்டி டாக்டரும் நர்ஸும் ஓடிவந்து நெபுலைசர் வைத்தார்கள். எங்கள் டாக்டர்கள் எங்கே என்று கேட்டேன்.

"ரெண்டு பேருமே மதுரைக்குப் போயிருக்காகண்ணே. மூக்கு, நுரையீரல், அலர்ஜி டாக்டருக எல்லாம் சேந்து படிக்கிற வகுப்பாம்" என்றார் நர்ஸ்.

இருவருக்கும் ஒரே வாட்ஸ்அப் செய்தி அனுப்பினேன். "ஐயா, என் வீட்டம்மாவைப் பத்தி ரெண்டு பேரும் அஞ்சு நிமிஷம் பேசுங்க. கெஞ்சிக் கேக்குறேன்."

ஜமீலா இப்போது உட்கார்ந்தபடியே தூங்குகிறாள். இருவரும் செய்தியைப் பார்த்துவிட்டார்கள். பதில் இல்லை.

அந்த வகுப்புக்குப் போனவர்கள் யாராவது இதைப் படிக்கிறீர்களா? மதியச் சாப்பாட்டிலாவது அவர்கள் இருவரும் பக்கத்தில் உட்கார்ந்தார்களா என்று மட்டும் சொல்லுங்கள்.