பெரியப்பா கலந்த பானகம்

எலுமிச்சம்பழத்தை இரண்டாம் முறை பிழியக் கூடாது என்பது என் பெரியம்மாவின் விதி. முதல் பிழியலில் இறங்குவது சாறு; அதற்கு மேலும் அழுத்தினால் தோலின் கசப்பும் சேர்ந்து இறங்கிவிடும். பழத்தை அம்மியின் மேல் உள்ளங்கையால் உருட்டி, குறுக்கே அரிந்து, விதை விழுந்த உடனேயே எடுத்துவிடுவார். வெல்லம் கரைந்து வடிகட்டிய பிறகுதான் சாறு. சாற்றுக்குப் பின் சுக்கும் ஏலமும். எல்லாவற்றுக்கும் கடைசியில் உப்பு. கசக்கிய நாரத்தை இலை மேலே மிதக்கும். இன்று கோவில்பத்தில் மகன் வீட்டுச் சமையலறையில் நின்று கத்திரி வெயிலுக்கு எலுமிச்சை பிழியும்போதும் என் கை அந்த விதியை மீறுவதில்லை.

விழிதியூரில் எங்கள் குடும்பத்துக்கு நிலம் இருந்தது, பெருமாளும் இருந்தார். சித்திரையில் தீர்த்தவாரிக்காகப் பெருமாள் பல்லக்கேறிக் கோட்டுச்சேரிமேட்டுக் கடற்கரைக்கு எழுந்தருளுவார். அந்தக் கரையின் மீனவர்களுக்கு அவர் தங்கள் வீட்டு மாப்பிள்ளை. என்றோ ஒரு காலத்தில் தங்கள் பெண்ணைக் கொடுத்ததாக அவர்கள் சொல்வார்கள். அதைச் சொல்லும்போது சம்பந்திக்குரிய மிடுக்கு குரலில் ஏறிவிடும். மணலில் கீற்றுப்பந்தல் போட்டுப் பானகம் நிவேதிப்பது எங்கள் வீட்டுக் கைங்கரியம்.

பெரியப்பா அந்தப் பந்தலில் ஒரு வருஷமும் நின்றவரில்லை. அவர் இடம் பல்லக்குக்கு முன்னால். ஊரிலிருந்து கடல்வரை பாசுரம் பாடிக்கொண்டே நடப்பார். அவர் குரல் ஏறும் இடத்தில் மேளக்காரர்கள் தாமாகக் கையை அடக்கிக்கொள்வார்கள். அந்தக் குரல், நான் சிறுபிள்ளையாக இருந்தபோது, ஓர் ஆண்டு மார்கழியில் கட்டிக்கொண்டது. தை பிறந்தும் திறக்கவில்லை. வைத்தியம் பார்த்த பிறகு மிஞ்சியது காற்று மட்டுமே. கோயிலார் வெளியூரிலிருந்து ஓர் இளைஞரை அமர்த்தினார்கள்.

"பாட முடியாதவனுக்குக் கடக்கரையில என்ன வேலை? நான் வரல," என்று பெரியப்பா கிசுகிசுத்தார். பெருமாளைச் சேவிக்கக் கோயிலுக்குப் போவதையும் அதற்கு முன்பே நிறுத்தியிருந்தார். அவர் இப்படியே ஒதுங்கிவிடுவாரோ என்ற கவலை வீட்டில் எல்லோருக்கும் இருந்தது; அதை வாய்விட்டுச் சொல்லாதவர் பெரியம்மா மட்டும்தான்.

திருவிழாவுக்கு முதல்நாள் அவர் வெல்லம் தட்டிக்கொண்டே சொன்னார்: "ரெண்டாவது அண்டாவக் கலக்க ஆள் இல்லீங்க. நீங்க வந்தாத்தான் ஆவும்."

ஆண்டுதோறும் இரண்டாவது அண்டாவைக் கலப்பவர் என் அம்மா. அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் மிகுந்த அக்கறையோடு ஏலக்காய் உரித்துக்கொண்டிருந்தார்.

பெரியப்பா வந்தார்.

கரைக்கு வேண்டிய தண்ணீரை ஊர்க்குளத்திலிருந்து இரண்டு பீப்பாய்களில் மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டுபோவது வழக்கம். பெரியம்மா ஒரு பீப்பாயைக் கொண்டு முதல் அண்டாவைக் கலந்து மூடிவிட்டு, குடிக்கும் குவளைகளைக் கேட்டு வாங்க மீனவர் தெருவுக்கு அம்மாவையும் அழைத்துக்கொண்டு போனார். பெரியப்பா இரண்டாவது பீப்பாயைச் சாய்த்தால் அது இலகுவாகச் சாய்ந்தது. அடைப்பு நழுவி, தண்ணீர் முழுவதும் வழியெல்லாம் ஒழுகிப்போயிருந்தது.

அவர் கலங்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பந்தலை ஒட்டிய கிணற்றில் தாமே இறைத்தார். ஒவ்வொரு பழத்தையும் ஒரே தடவை பிழிந்தார். நான் விதை பொறுக்கினேன். மாதக்கணக்கில் பேசாதிருந்தவர் அன்று என்னிடம், "எப்புடிக் கண்ணு, பெரியம்மா கை மாதிரியே இருக்கா?" என்று கேட்டார். அவரை அவ்வளவு மகிழ்ச்சியாக நான் பார்த்து வெகுநாளாகியிருந்தது.

பெரியம்மா திரும்பி வந்ததும் ஈரமாய்க் கிடந்த தாம்புக்கயிற்றைப் பார்த்தார்.

"கெணத்துத் தண்ணிங்களா?"

"பீப்பா ஒழுவிப்போச்சு. கெணறு பக்கத்துலயே இருக்கே."

"உப்பு?"

"போட்டுட்டேன். வீட்டுல நீ போடுற கணக்குத்தான்."

கடலோரக் கிணறு, தண்ணீரிலேயே உப்பு உண்டு. அது பந்தலில் நிற்பவர்களுக்குத் தெரியும். வாழ்நாளெல்லாம் பல்லக்கோடு வந்து பல்லக்கோடு திரும்பியவருக்குத் தெரிய வழியில்லை. நாவில் வைத்துப் பார்க்கவும் முடியாது. பெருமாள் அமுது செய்வதற்கு முன் எங்கள் வீட்டார் ஒரு துளியும் தொடமாட்டார்கள். அண்டாவைக் கொட்டிவிடலாம். ஆனால் பெரியப்பா கரண்டியை ஊன்றிக்கொண்டு அதன் அருகிலேயே நின்றார். தூரத்தில் மேளச்சத்தம் கேட்டது.

"இந்த வருசம் கூட்டம் ஜாஸ்திங்க, காணாது," என்று சொல்லிப் பெரியம்மா மிஞ்சிய வெல்லம் முழுவதையும் அதில் கரைத்தார். மிஞ்சிய பழங்களையெல்லாம் பிழிந்தார். அந்த அவசரத்திலும் எதையும் இரண்டாம் முறை அழுத்தவில்லை.

"மாப்புள்ள வந்துட்டாரு! மாப்புள்ள வந்துட்டாரு!" என்று கரை முழங்கியது. "ஏ, குலுக்காம தூக்கியாங்கடா! எங்க மாப்புள்ளைக்கு இடுப்பு நோவப்போவுது!" என்று பெண்கள் பல்லக்குத் தூக்கிகளை ஏசினார்கள். முன்னால் அந்த இளைஞர் பாடிக்கொண்டு வந்தார். நல்ல குரல்தான். பெரியப்பா கரண்டிக் காம்பை இறுகப் பற்றிக்கொண்டு, உதடு அசையாமல், பல்லக்கையே பார்த்தார். பிறகு கை கூப்பினார். மாதங்களுக்குப் பின் அவர் பெருமாளைச் சேவித்தது அப்போதுதான்.

இரண்டு அண்டாக்களிலிருந்தும் ஒவ்வொரு குவளை நிவேதனமாயிற்று. பத்தியோடு தருவதில் குற்றம் காணாதவன் என்று பாசுரங்களில் படித்திருக்கிறேன். அன்று அவனும் முகம் சுளிக்கவில்லை.

முதல் அண்டாவைக் குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் அம்மா ஊற்றினார். எனக்கும் அதில்தான் கிடைத்தது. பெரியப்பாவின் அண்டாவைப் பெரியம்மா பல்லக்குத் தூக்கிகளின் பக்கம் நகர்த்தச் சொன்னார். "வேர்த்து வந்தவங்களுக்குன்னு எங்க வீட்டுக்காரங்க கையால கலந்ததுப்பா. கொஞ்சம் உப்பு தூக்கலாத்தான் இருக்கும்."

மீனவர் தெருவிலிருந்து குவளை கொடுத்த அம்மாள் முந்திக்கொண்டு ஒரு வாய் குடித்தார். அவர் புருவம் உயர்ந்தது.

"என்னக்கா இது, கடலையே கரைச்சு வச்சிருக்காங்க பாட்டுக்கார ஐயா! எங்க கெணத்துத் தண்ணியில போயி..."

பெரியப்பாவின் கரண்டி நின்றது.

"பின்ன?" என்றார் பெரியம்மா. "மாமியா வீட்டுக்கு வந்த மாப்புள்ள, அந்த வீட்டு உப்பத் திங்காம போவலாமா?"

அந்த அம்மாள் பெரியம்மாவின் முகத்தைப் பார்த்தார், பெரியப்பாவைப் பார்த்தார். பிறகு குவளையை ஒரே மூச்சில் காலி செய்துவிட்டுக் கரை முழுவதும் கேட்கும்படிக் கூவினார்: "அதான பாத்தேன்! ஏ, எல்லாரும் வாங்கடா, மாப்புள்ளைக்கு வச்ச விருந்துடா இது!"

வியர்வையில் குளித்திருந்த பல்லக்குத் தூக்கிகள் மொய்த்தார்கள். குடித்தவர்கள் மறுபடியும் குவளையை நீட்டினார்கள். "உசுரு வந்துச்சுங்க ஐயா, இன்னொண்ணு ஊத்துங்க," என்றார் அவர்களில் மூத்தவர். பெரியப்பா ஊற்றினார். சிரித்துக்கொண்டே ஊற்றினார். அதன்பின் அவர் உயிரோடிருந்த காலம்வரை ஒரு சித்திரையிலும் பந்தலுக்கு வராமல் இருந்ததில்லை. வண்டி நுழையும்போதே, "பாட்டுக்கார ஐயா வந்துட்டாங்களா?" என்ற குரல் எதிர்கொள்ளும். மறு ஆண்டு முதல் பெரியம்மா மூன்று பீப்பாய்களில் தண்ணீர் ஏற்றினார்; காரணம் கேட்டவரும் இல்லை, அவர் சொன்னதும் இல்லை.

ஆனால் அன்று நடந்த ஒன்றை மட்டும் என்னால் வெகுகாலம் மன்னிக்க முடியவில்லை. தீர்த்தவாரி முடிந்து கூட்டம் கலைந்தபோது பெரியப்பாவின் அண்டாவில் ஒரே ஒரு குவளைப் பானகம் மிஞ்சியிருந்தது. விடியற்காலையிலிருந்து அவர் பச்சைத் தண்ணீர்கூடத் தொடவில்லை. எல்லோருக்கும் ஊற்றிய களைப்போடு, அதை மொண்டுகொள்ள ஆசையாய்க் குனிந்தார். பெரியம்மா சட்டென்று குவளையை அவர் கையிலிருந்து வாங்கி, தாமே மொண்டு, அண்ணாந்து, கடைசிச் சொட்டுவரை குடித்து முடித்தார்.

"அப்பாடா, என்னா ருசி," என்றார். "நீங்க வாங்க, உங்களுக்கு எளநி வெட்டச் சொல்லிருக்கேன்."

பெரியப்பா பெருமையோடு தலையசைத்தார். நான் பெரியம்மாவை வெறுத்தேன். கட்டிய கணவருக்கு ஒரு வாய்கூட வைக்காமல் குடிக்கும் அளவுக்கு ஒரு மனுஷிக்குத் தாகம் இருக்குமா என்று எண்ணியபடி, வண்டி ஊர் வந்து சேரும்வரை அவர் முகத்தைப் பார்க்காமல் திரும்பி உட்கார்ந்திருந்தேன்.